பதினொரு மணிக்கு வந்து நிக்கிறேன்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை ஸ்டீம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எல்லோரும் என்றால் யார்? நான்காம் மாடி ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இன்டர்காமில் பேசும் நர்சுகளும், துணி மூட்டை தள்ளிக்கொண்டு வரும் லாண்டரிக்காரரும். அவ்வளவுதான். தரைக்கும் கீழே அப்படி ஓர் அறை இருப்பதே பாதி டாக்டர்களுக்குத் தெரியாது. கத்தியும் கத்தரியும் இடுக்கியும் மரத்தில் காய்த்துத் தட்டில் உதிர்கின்றன என்று நினைக்கிறார்களோ என்னவோ! அதையெல்லாம் கழுவி, எண்ணி, பச்சைத் துணியில் பொதிந்து, கோடு போட்ட டேப் ஒட்டி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிப் பெட்டிக்குள் தள்ளுவது அவள். டேப்பின் கோடு கறுத்து வெளியே வந்தால் கிருமி செத்தது என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை.

பெட்டியை மூடினால் முக்கால் மணி நேரத்துக்குத் திறக்க முடியாது. அந்த நேரத்தில் பேச்சுத் துணைக்கு ஓர் ஈ காக்கா கிடையாது. சுவரைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்காருவது? தாழ்வாரத்தில் நடக்க ஆரம்பித்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தொண்ணூற்றெட்டு எட்டு வைக்க வேண்டும். நாற்பத்தைந்தாவது வயதில் ஒருநாள் லிஃப்ட் நின்றுபோனது. மேலே அவசர ஆபரேஷன், தட்டு உடனே வேண்டும் என்று இன்டர்காம் அலறியது. ஸ்ட்ரெச்சர் தள்ளும் சரிவுப் பாதையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடியும் ஓடினாள். மேலே போய் நின்றபோது பெரிதாக மூச்சு வாங்கவில்லை. தட்டை வாங்கிய நர்ஸ் இவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். போகட்டும். ஓடியது நன்றாக இருந்தது. ரொம்ப காலத்துக்குப் பிறகு வாழ்க்கையில் ஒன்று நன்றாக இருந்தது, அதை எப்படி விட முடியும்?

மறுநாளிலிருந்து விடிவதற்கு முன்பே தெருவில் இறங்கினாள். முதலில் தெருமுனை வரை, பிறகு பாலம் வரை, பிறகு பாலம் தாண்டி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் இத்தனை வருஷம் அது தெரியாமல் இருந்துவிட்டாள், பாவம்.

கணவர் பால் பாக்கெட் போடும் ஆலையில் இரவு ஷிஃப்ட் சூப்பர்வைசர். காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்கு வருவார், ஏழரைக்கு இவள் கிளம்புவாள். அரைமணி நேரக் குடித்தனம். “கேஸ் புக் பண்ணியாச்சா?” “ம்.” “பையன் பேசினானா?” “ஞாயித்துக்கிழமை பேசறேன்னான்.” வெளியூரில் வேலை பார்க்கும் ஒரே மகன். பேச்சு அதோடு சரி. ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சண்டை போடக்கூட வாய்க்காத தம்பதி அவர்கள். சண்டை போட வேண்டுமென்றாலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டாமா?

அவள் ஓடுவதை அவர் தடுத்ததில்லை. கேலி மட்டும் செய்வார். “துரத்தறதுக்கு ஆளும் இல்ல, பிடிக்கறதுக்கு பஸ்ஸும் இல்ல, எதுக்கு ஓடற? எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது?” என்பார். அவளும் சிரித்துவிட்டு ஷூவின் சேற்றைத் தட்டுவாள்.

நான்கு வருஷத்தில் நான்கு மாரத்தான் ஓடிவிட்டாள். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதற்கு மேல் கொசுறாக ஓர் இருநூறு மீட்டர். நாக்குத் தள்ளிவிடும். ஆனால் அவளை வாட்டியது தூரம் இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டி நிற்கும் அந்தப் பத்து நிமிஷம்தான். கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள். “அப்பா!” “ஏய், இங்க பாரு, இங்க!” ஒவ்வொரு குரலுக்கும் இவளும் திரும்பிப் பார்ப்பாள். தனக்காக யாரும் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும், கழுத்துக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் ஒரு குடும்பம் போனை நீட்டி, “ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க மேடம்” என்றது. எடுத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்து இன்னொரு குடும்பம் வந்தது, அப்புறம் இன்னொன்று. அரைமணி நேரம் ஊரார் சிரிப்பையெல்லாம் படம் பிடித்துவிட்டு, தன் படம் ஒன்றுகூட இல்லாமல் பஸ் ஏறினாள். பஸ்ஸில் அழுதாள். கழுத்தில் மெடலோடு ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதால் யாராவது என்ன ஏது என்று கேட்பார்கள் அல்லவா? ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்தாவது மாரத்தானுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அந்த அரைமணி நேரத்துக்குள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

“ஒரே ஒரு தடவை வந்து நில்லுங்களேன். நான் ஓடி முடிக்கறதை யாராவது பார்க்கணும்.”

“யாராவதுன்னா?”

“நீங்கதான். வேற யாரைப் போய்க் கூப்பிடுவேன்?”

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். “எத்தனை மணிக்கு?”

“காலைல அஞ்சரைக்கு ஆரம்பம். எனக்கு எப்பவும் அஞ்சரை மணி நேரம் ஆகும்.”

“சரி. பதினொரு மணிக்கு வந்து நிக்கிறேன்.”

அவர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அவரிடம் ஒரு குணம் உண்டு. எந்தக் காரியமும் முதல் தடவையே சரியாக நடக்க வேண்டும். நடக்கவில்லையென்றால் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். பையன் சின்னவனாக இருந்தபோது மூன்று பேருமாகக் கடற்கரைக்குப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. அன்றோடு சரி, பதினெட்டு வருஷமாகிறது, கடல் என்ற பேச்சையே எடுக்க விடுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பியவளுக்குப் பத்தாவது கிலோமீட்டரிலேயே ஒரு சந்தேகம் தட்டியது. கால் என்னமோ தன்னுடையதாகவே இல்லை, அவ்வளவு லேசாக ஓடியது. எப்போதும் இருபத்தெட்டில் வரும் இடுப்பு வலி வரவில்லை. முப்பதில் ‘எதுக்குடி உனக்கு இந்த வேலை’ என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பிக்கும், அதையும் காணோம். மனசுக்குள் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: இன்றைக்கு ஓர் ஆள் வருகிறார். எனக்கென்று வருகிறார்.

முப்பத்தேழாவது கிலோமீட்டர் பலகையில் கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் திக்கென்றது. மணி ஒன்பது நாற்பத்தொன்று. இப்படியே போனால் பத்தேகாலுக்கு முடிந்துவிடும். அவர் அப்போது பஸ்ஸில் இருப்பார். ஐயோ, வேண்டி வேண்டி ஓர் ஆளை வரச்சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் ஓடி முடித்து நிற்கிற கூத்து உலகத்தில் எங்காவது உண்டா?

மெதுவாகப் போகலாம் என்று நடந்து பார்த்தாள். நடந்து போனால் அவர் வரும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். ஐம்பது எட்டு வைத்திருப்பாள், மனசு கேட்கவில்லை. ஐந்து மணி நேரத்துக்குள் முடிப்பது அவள் கனவில்கூடக் கேட்டுப் பார்க்காத வரம். ஐம்பத்தொரு வயதில் அது தானாக வந்து கையில் விழுகிறது, உதறிவிட்டு நடக்க முடியுமா? ஒருவேளை அவர் சீக்கிரமே வந்திருந்தால்? ஐந்து நிமிஷம் முன்னால் வருகிற ஆள்தான், முக்கால் மணி நேரம் முன்னால் வந்து நிற்கமாட்டார் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தே தன்னை ஏமாற்றிக்கொண்டு மறுபடி ஓடினாள்.

நான்கு மணி நாற்பத்தாறு நிமிஷம். கோட்டைத் தாண்டிய கையோடு இடது பக்கத் தடுப்பைப் பார்த்தாள், வலது பக்கத் தடுப்பைப் பார்த்தாள். யாரும் இல்லை. மெடல் மாட்டுகிறவர் அடுத்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே இவள் கழுத்தில் ஒன்றைப் போட்டார். வாழ்நாளிலேயே நன்றாக ஓடிய ஓட்டத்தை யாருமே பார்க்கவில்லை. பை வைத்த இடத்துக்குப் போய்ப் போனை எடுத்தாள். அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. “தூங்கல. கிளம்பிட்டேன். எங்க நிக்கணும்?”

அதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது. எங்கே நிற்க வேண்டும் என்று அவளைக் கேட்டவர்கள் இதுவரை யாரும் இல்லை. பதில் போடலாம் என்று விரல் போனது. என்னவென்று போடுவது? ஓடுகிறவள் கையில் போன் ஏது? முடித்துவிட்டேன் என்று போட்டால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். இரவெல்லாம் ஆலையில் நின்றுவிட்டுத் தூங்காமல் வந்த மனுஷன், “அப்படியா, சரி” என்பார். வீட்டுக்குத் திரும்பிப் போவார். இந்தப் பேச்சும் கடற்கரை போன வழியிலேயே போகும். போனைப் பைக்குள் போட்டுத் திருப்பி ஒப்படைத்தாள்.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தாள். பத்து ஐம்பதுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒரு கையில் குடை, ஒரு கையில் பிளாஸ்க். கூட்டத்தில் இரண்டு பேரிடம் ஏதோ கேட்டுவிட்டுத் தடுப்பை ஒட்டி இடம் பிடித்து நின்றார். வாட்ச்சைப் பார்த்தார். சாலையைப் பார்த்தார். கண் இரண்டும் தூக்கத்தில் சிவந்திருந்தன. அவரை அப்படிப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனையா என்றெல்லாம் கேட்காதீர்கள்.

மெடலைக் கழற்றி இடுப்புப் பைக்குள் திணித்தாள். கூட்டத்துக்குப் பின்னாலேயே சுற்றி, கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம், தடுப்பில் ஆள் புக இடைவெளி விட்டிருந்த இடத்துக்குப் போனாள். அங்கே ஒரு செக்யூரிட்டி அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எங்கம்மா போற? ஓடி முடிச்சவங்க அந்தப் பக்கம்.”

“முடிச்சிட்டேன். இன்னொரு தடவை முடிக்கணும்.”

“ஒரு தடவை முடிச்சது போதாதாக்கும்? வெயில்ல மூளை கலங்கிடுச்சா?”

“வீட்டுக்காரர் இப்பதான் வந்து நிக்கிறார். நான் முடிச்சிட்டேன்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா இனிமே வரவே மாட்டார்.”

செக்யூரிட்டி அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “எவ்வளவு நேரத்துல முடிச்ச?”

“நாலு மணி நேரம் நாப்பத்தாறு நிமிஷம்.” அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

“அது அதிகமா, கம்மியா? எனக்கென்ன தெரியும்! போ, போ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். புருஷனைப் பார்க்க வைக்க என்ன பாடு படவேண்டியிருக்கு!”

சாலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, இத்தனை நேரம் உட்கார்ந்ததில் கால் கட்டையாக இறுகியிருந்தது. கொசுறு இருநூறு மீட்டர்கூட இருக்காது. அதற்கு முந்தைய நாற்பத்திரண்டு கிலோமீட்டரிலும் தலைகாட்டாத வலி இப்போது ஒவ்வொரு அடிக்கும் உயிரை எடுத்தது. பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்த ஒருவர், “விட்டுடாதீங்க மேடம், இதோ வந்தாச்சு, இதோ வந்தாச்சு!” என்று தைரியம் சொன்னார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரை முன்னே விட்டுப் பின்னால் நொண்டினாள்.

வளைவு திரும்பியதும் அவர் பார்த்துவிட்டார். குடை ஒரு பக்கம் விழுந்தது. “இந்தாம்மா! இந்தா! இங்க!” கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தாள். தனக்கான குரல்தான். பொய்யோ மெய்யோ, அந்த நிமிஷம் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கோட்டைத் தாண்டித் தடுப்பருகே வந்தவளிடம், “பார்த்தேன், அந்த வளைவுலேர்ந்தே பார்த்தேன்,” என்றார். பிளாஸ்க்கின் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவள் குடிப்பதற்குள் மகனுக்குப் போன் போட்டுவிட்டார். “டேய், உங்கம்மா வந்துட்டாடா! அஞ்சு மணி நேரம் முப்பத்தஞ்சு நிமிஷம். யாரோ சொல்லிக் கேட்கல, என் கண்ணால பார்த்தேன்.”

அவள் டீயைக் குடித்தாள். நாலு நாற்பத்தாறு தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. சொன்னால் அவர் பார்த்தது பொய்யாகிவிடும். சொல்லாவிட்டால் அவள் ஓடியது ஊமை கண்ட கனவுதான். அவர் பக்கத்தில் நின்று, தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அவள் ஓடிய ஓட்டத்தில் மட்டும் இப்போதும் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்தவர் குனிந்து அவள் காலைப் பார்த்தார்.

“ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. கடைசில ரொம்ப நொண்டற. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணினா அஞ்சு மணி நேரத்துக்குள்ள வந்துடுவ. உன்னால முடியும்.”

“முடியும்கறீங்களா?”

“ஏன் முடியாது? நான்தான் பார்த்தேனே. அடுத்த வருஷம் பாரு. நான் பத்து மணிக்கே வந்து நிக்கிறேன்.”

இன்றைக்குக் கிடைத்த ஓட்டத்தை அடுத்த வருஷம் உடம்பு மறுபடி கொடுக்குமா என்று அவளுக்குத் தெரியாது. ஐம்பத்திரண்டு வயதாகியிருக்கும். அவர் அதற்குள் தலையைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கிவிட்டார். அவர் காதில் விழாது என்று தெரிந்தும் அவள் பதில் சொன்னாள்.

“பத்து மணிக்கே வந்துடுங்க.”