சிரித்துக்கொண்டே கேட்ட புதன்கிழமைகள்

“…நேத்து ரயில் கேட்டுல மணி அடிச்சு, கட்டை எறங்கிருச்சுங்க ஆன்ட்டி. சிரிச்சுக்கிட்டே கேளுங்க, நீங்க மூஞ்சிய மாத்துனா இவளுக்குத் தெரிஞ்சுரும். இவ பையில என்னமோ தேடிக்கிட்டு இருந்தா. நான் கட்டையத் தாண்டி ஒரு எட்டு வெச்சுட்டேங்க. எப்படித் திரும்பி வந்தேன்னு எனக்கே தெரியல. நாளைக்கும் அந்த வழியாத்தான் போகோணும்.”

இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. மடியில் வேதப் புத்தகம் விரிந்து கிடந்தது. ஒரு வரியின் கீழே விரல். எட்ட நின்று பார்ப்பவர்கள் அவள் எனக்குக் கடவுளைப் பற்றிப் படிப்பிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். மேசைக்கு மறுபக்கம் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுடைய துணைக்காரியும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம். துணைக்காரி டொங்கா தீவுப் பிள்ளை. தமிழில் ஒரு சொல் தெரியாது.

இருவரும் மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையின் ஊழியத்துக்கு வந்தவர்கள். கடல் தாண்டி வந்து நான் குடியேறிய கிளென் ஈடனில் எங்கள் தெருவில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல மழை. கதவைத் திறந்தால் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி ஒரு தமிழ் முகம், கோயம்புத்தூர்ப் பிள்ளை. “உள்ள வாங்கோ பிள்ளையள், ஆனா என்னைச் சேர்க்க ஏலாது, நான் பிறந்ததிலயிருந்து முருகன்ரை ஆள்,” என்றேன். கோயம்புத்தூர்ப் பிள்ளை அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் டொங்காப் பிள்ளை வீடு அதிரச் சிரித்தாள். “பரவாயில்லை, மழை எல்லாச் சமயத்துக்கும்தான் பெய்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அன்றைக்கே அதைக் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவள் இல்லை. ஆட்களின் வாயிலிருந்து விழுகிறதைப் பொறுக்கியே படித்தவள்.

முதல் நாளே பிழை விட்டேன். ஆசையாகத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்குத் தேத்தண்ணியும் கோப்பியும் ஆகாது. டொங்காப் பிள்ளை மரியாதையாகத் தள்ளிவைத்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை கோப்பையைக் கையில் எடுத்து, “வாசனை மட்டும் புடிச்சுக்கறேனுங்க ஆன்ட்டி, அதுக்குத் தடை இல்ல,” என்றாள். அதற்குப் பிறகு அவர்களுக்கு மைலோப் பால்தான். புதன்கிழமை பின்னேரம் எனக்கு வேலை இல்லை. அது அவர்களுடைய நேரமாகிப் போனது.

அவர்களுடைய வாழ்க்கைக்கு ஒரு கட்டு இருக்கிறது. விடிய எழும்புவது, படிப்பு, பிறகு நாள் முழுக்க நடை. துணையை விட்டு ஒருவரும் தனியே போகக்கூடாது. ஒருவர் மற்றவரின் கண்ணிலும் காதிலும் இருக்கவேண்டும். குளியலறைக்குப் போனாலும் மற்றவள் நடையில் நிற்பாள். திங்கட்கிழமையில் வீட்டுக்குப் போன் எடுக்கலாம். எல்லாரையும் அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரருக்கும் டொங்காக்காரருக்கும் அது குடும்பப் பெயர். எங்கள் ஆட்களுக்கு அது அப்பாவே. அவளுடைய நெஞ்சில் குத்தியிருந்த கறுப்பு அட்டையில் ‘சிஸ்டர்’ என்று போட்டு, பக்கத்தில் அவளுடைய தகப்பனின் பெயர் இருந்தது.

அந்தத் தகப்பன் அவளோடு பேசுவதை விட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தது. அவள் சபையில் சேர்ந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை. ஊழியத்துக்குப் புறப்பட்ட அன்று வாசலில் நின்று, “போறதுன்னா முழுசாப் போ. பாதியில வந்து என் வாசல்ல நிக்காத” என்று மட்டும் சொன்னாராம். திங்கட்கிழமைகளில் தாய் போனை எடுத்தவுடன், வெளியே ஸ்கூட்டர் புறப்படுகிற சத்தம் அவளுக்குக் கேட்குமாம்.

“நாள் முழுக்க எங்கப்பா பேரச் சொல்லித்தான் என்னையக் கூப்பிடறாங்க. ஊருல யாரு கூப்பிட்டாலும் அவரு என்னன்னு கேக்கற மாதிரி இருக்கு, நான் கூப்பிட்டா மட்டும் கேக்கறதில்ல.”

இதையும் எழுதிவைத்தேன். எழுதும்போது எவ்வளவு நல்ல வாக்கு என்று நினைத்தேனே தவிர, அதைச் சொன்னவள் எவ்வளவு மெலிந்துபோனாள் என்று நினைக்கவில்லை.

முதலில் வீட்டு நினைப்பு என்றுதான் நம்பினேன். புத்தகத்தை விரித்து வைத்து, பாடம் சொல்லும் குரலில் தன் கவலைகளைத் தமிழில் கதைப்பாள். துணைக்காரியின் காதில் விழும், விளங்காது. நான் “ஓம், ஓம்” என்று தலையாட்டவேண்டும். அதுதான் எங்கள் ஏற்பாடு. நித்திரை இல்லை என்றாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தாள். இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். “உங்களுக்குப் பொறுப்பான அம்மாவிட்டச் சொல்லன் பிள்ளை,” என்று பல தரம் கேட்டேன். அந்த மனுசி சபையின் சார்பில் இவர்களைப் பெற்ற தாய் மாதிரிப் பார்ப்பவர், கிழமைக்கு ஒருதரம் சுகம் விசாரிப்பவர்.

“அவங்க கேட்டா சூப்பர்னு சொல்லிருவேனுங்க. நெசத்தச் சொன்னா, கண்ணு, வீட்டுக்குப் போயி உடம்பத் தேத்திட்டு வான்னு அனுப்பிருவாங்க. எந்த வீட்டுக்குங்க ஆன்ட்டி?”

இங்கே இருக்கவும் முடியாது, அங்கே போகவும் முடியாது. “யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று கையைப் பிடித்துக் கேட்டாள். சத்தியம் செய்து கொடுத்தேன். என்னுடையது ஓட்டை வாய் என்று ஊருக்கே தெரியும். தமிழ்க் கடையில் ஒரு சங்கதி கேட்டால் வீடு வருமுன்னம் நாலு பேருக்குச் சொல்லியிருப்பேன். இந்த ஒன்றை மட்டும் வாயில் பூட்டுப் போட்டு வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

பிறகு ஒரு புதன்கிழமைதான் அவள் அந்த ரயில் கேட்டில் நடந்ததைச் சொன்னாள்.

நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சொன்னபடிதான். கன்னம் நொந்தது. ‘நாளைக்கும் அந்த வழியாத்தான்’ என்று சொல்லிவிட்டு அவள் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். அந்த விரல் நகர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. டொங்காப் பிள்ளையின் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

“இவள் எனக்குப் பாடம் சொல்லவில்லை மகளே. ஒரு நாளும் சொல்லவில்லை. நேற்று ரயில் வரும்போது கட்டையைத் தாண்டியிருக்கிறாள். இவளுக்கு உயிரோடு இருக்க விருப்பம் இல்லை. தனியே விட்டுவிடாதே.”

“ஆன்ட்டி!” என்றாள் இவள். முகத்தில் சிரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, கழற்ற மறந்த மாதிரி. “தமிழ்லதானுங்க சொன்னேன். உங்ககிட்ட மட்டுந்தானுங்க சொன்னேன்.”

டொங்காப் பிள்ளை கையிலிருந்த இடியப்பத்தைத் தட்டில் வைத்தாள். “பாடம் இல்லை என்று தெரியும்,” என்றாள் ஆங்கிலத்தில். “பாடம் சொல்கிறவள் மேசைக்குக் கீழே நகத்தால் முழங்காலைக் கீறமாட்டாள். ஆனால் இங்கே வந்துபோகும் இரவில் மட்டும்தான் இவள் கொஞ்சம் தூங்குகிறாள். அதனால்தான் ஒவ்வொரு புதனும் கூட்டிக்கொண்டு வந்தேன். யாரிடமோ சொல்கிறாளே, அது போதும் என்று நினைத்தேன்.” தன் பையைப் பார்த்தாள். “கேட்டில் நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.”

நான் சொல்லமாட்டேன் என்று அவள் நம்பினாள். நான் கேட்டுக்கொள்வேன் என்று துணைக்காரி நம்பினாள். நடுவில் நான் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

டொங்காப் பிள்ளை உடனே போனை எடுத்துப் பொறுப்பான அம்மாவை அழைத்தாள். நடந்ததை இரண்டு வசனத்தில் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டு இவள் பக்கம் நீட்டினாள்.

இவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்தாள். அப்படி ஒருவரும் என்னைப் பார்த்ததில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, புத்தகத்தையும் பையையும் விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் தண்டவாளம். டொங்காப் பிள்ளை போனும் கையுமாக வெறுங்காலோடு பின்னால் ஓடினாள். நான் கதவில் போய் மோதிக்கொண்டு நின்றேன்.

போனில் அந்த மனுசியின் குரல் ஆங்கிலத்தில் வந்துகொண்டே இருந்தது: “மகளே, இருக்கிறாயா? வீட்டுக் கதையைப் பிறகு பார்ப்போம். நீ முதலில் இரு. இதோ காரில் ஏறிவிட்டேன். இருக்கிறாயா?”

கோயம்புத்தூர்ப் பிள்ளை குனிந்து, வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளில் ஒன்றை மாட்டினாள். மற்றதை எடுத்தாள். மாட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். எங்களைத் திரும்பிப் பார்க்காமலே, போனுக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள்.