அக்காவின் மூக்கு

எனக்கும் அக்காவுக்கும் ஒரே வருத்தம். மூக்குக்குள் முந்திரிகைப்பழக் குலைபோலச் சதை வளரும். மூச்சு அடைக்கும், மணமே தெரியாது. கலியாணத்துக்கு முன் நாங்கள் இருவரும் அடுப்புக்கு முன்னால் நின்று கதைத்துக்கொண்டே பாலை அடிப்பிடிக்க விடுவோம். அம்மா ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஏசுவா.

பிறகு அக்கா கனடாவுக்குப் போய்விட்டா. எனக்கு இரண்டு தரம் சதையை வெட்டி எடுத்தார்கள். இரண்டு தரமும் திரும்ப வளர்ந்தது. அங்கே அவவுக்கும் அப்படித்தான். கடைசியில் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் போடுகிற ஊசி ஒன்றைக் கொடுத்தார்களாம். சதை சுருங்கி மணம் திரும்பிவிட்டது என்று போனில் அழுதா. நானும் அழுதேன்.

போன வருசம் ஒரு மாத லீவில் தர்மபுரத்துக்கு, என் வீட்டுக்கு வந்தா. ஊசிப் பெட்டியை பிரிட்ஜில் வைக்க என்னுடைய மீனை வெளியே எடுக்கச் சொன்னா. எடுத்தேன்.

அடுத்த நாளே அடுப்படியில் மூக்கைப் பொத்திக்கொண்டு தொடங்கினா. "குசினி மணக்குது." பிறகு அலுமாரி மணத்தது. தலையணை மணத்தது. கிணற்றுத் தண்ணியும் மணத்தது.

"எனக்குத் தெரியாதக்கா," என்றேன்.

"அதுதான் இப்பிடி இருக்கிறாய்."

ஒரு ஊசி எனக்குப் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டதற்குச் சிரித்தா. "ஒண்டு போட்டு ஒண்டும் நடக்காது. டொக்டர் பாத்துத்தான் தாறது." அது உண்மைதான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

பத்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி வந்திருந்தா. அவவுக்கு முன்னாலேயே அக்கா கேட்டா: "நீ வடிவாக் குளிக்கிறனியே? உன்னில ஒரு மணம்."

நான் இரண்டு நேரமும் குளிக்கிறவள். எழும்பிப்போய் பிரிட்ஜைத் திறந்து ஊசிப் பெட்டியை எடுத்துவந்து அவவின் மடியில் வைத்தேன்.

"உங்கட மருந்தைக் கொண்டு வெளிக்கிடுங்கோ."

"இந்த வெயிலுக்கை பழுதாப்போம்."

"போகட்டும்."

அக்கா ஐஸ் கட்டி கேட்டா. பக்கத்து வீட்டுக்காரிதான் கொண்டுவந்து கொடுத்தா. பின்னேரம் அக்கா வான் பிடித்து கிளிநொச்சியில் ஒரு விடுதிக்குப் போய்விட்டா. நான் கேற்றடிக்கும் போகவில்லை.

அடுத்த மாதம் கிளினிக்கில் அந்த ஊசியைப் பற்றி டொக்டரிடம் கேட்டேன். நல்ல மருந்து, ஆனால் இங்கே எங்களிடம் இல்லை என்றார். நிற்பாட்டினால் சிலருக்குச் சதை திரும்பவும் வளரும் என்றும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. மூக்குக்கு அடிக்கிற பழைய ஸ்பிறேயையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்கா இப்பவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுக்கிறா. நான் போனைத் தூக்குவதில்லை.