பிள்ளையைத் தாங்கோ

காரைநகர் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் நின்றவர் மினுக்கிய, மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். சிரிப்பே இல்லாத முகம். அவரிடம் இரண்டு பாவைப்பிள்ளைகள் இருந்தன. பெரியவர்கள் ஆசைக்குச் சேர்க்கும், மூட்டுக்கு மூட்டுத் திருப்பக்கூடிய வகை. சாண் அளவானது சட்டைப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. ஒன்றரை முழத்தது துவாயில் சுற்றித் தோளில் கிடந்தது.

"ஒண்டுதான் வாங்கலாம். எந்த அளவு எண்டு முடிவெடுக்கேலாமல் கிடக்கு. விக்கிறவர் ரெண்டையும் கொண்டுபோய்ப் பாக்கச் சொன்னவர்" என்றார், நான் பார்ப்பதைக் கண்டு.

பஸ் குலுங்கும்போதெல்லாம் பெரியதன் கால் திரும்பியது. அவர் அதைப் பொறுமையாக நேராக்கினார்.

எங்கள் பஸ்களில், சீற்றில் இருப்பவர்கள் நிற்பவர்களின் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வார்கள். முன்னால் இருந்த அம்மா கை நீட்டினார்.

"பிள்ளையைத் தாங்கோ தம்பி."

அவர் தோளில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். அம்மா துவாயை விலக்கி முகத்தைப் பார்த்தார். பிறகு காற்றுப் படாமல் சேலைத் தலைப்பால் மூடினார்.

மானிப்பாயில் அவர் இறங்கும்போது அம்மா திருப்பிக் கொடுத்து, "உடம்பு குளிர்ந்து கிடக்கு. தொப்பி ஒண்டு போடுங்கோ" என்றார்.

"ஓம் அம்மா."

நானும் அங்கேதான் இறங்கினேன். "எதை வாங்கப்போறியள்?" என்று கேட்டேன்.

"பெரிசைத்தான். சின்னனை ஒருத்தரும் கேக்கேல்லை."

பஸ் புறப்பட்டபோது அந்த அம்மா யன்னலால் கை காட்டினார். எங்கள் இருவருக்கும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.