மஞ்சுளா சொன்ன ‘ஹத்து’

பெங்களூரில் பெரிய குதிரைப் பந்தயம் வந்தால், எங்கள் ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஆளுக்கொரு குதிரை எண் சொல்வோம். ஜெயித்தவருக்கு மற்றவர்கள் பிரியாணி வாங்கித் தரவேண்டும். எப்போதும் ஜெயிப்பது பக்கத்து சீட் மஞ்சுளாதான். எனக்கு வயிறு எரியும்.

இந்த முறை அவள் வாயைப் பொத்திக்கொண்டு போனில் கன்னடத்தில், “ஹத்து, ஹத்து” என்றாள். ஹத்து என்றால் பத்து. முந்திக்கொண்டு நான் பத்தாம் எண்ணைச் சொல்லிவிட்டேன். அந்தக் குதிரை கடைசியாக வந்தது. மஞ்சுளா சொன்ன குதிரைதான் ஜெயித்தது.

“போன்ல பத்துன்னு சொன்னியேடி?” என்றேன்.

“பஸ் ஏறுன்னு தங்கச்சிகிட்ட சொன்னேங்க்கா. ஏறுறதுக்கும் ஹத்துதான். நீங்க குதிர மேல ஏறிட்டீங்களா?”

பஸ்ஸே சிரித்தது.

இப்போதெல்லாம் அவள் போனை எடுத்தாலே நான் காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறேன். அன்றைய பிரியாணி வாசனையைத்தான் எதைக் கொண்டும் அடைக்க முடியவில்லை.