சித்தி சுமந்த ஈர உப்பு

இந்த 2005-இலும் எங்கள் தெருவில் ஒரு பெண் குடிக்கிறாள். குடிப்பதால்தான் புருஷன் அடிக்கிறான் என்று தெருவே சொல்கிறது. எழுபதை நெருங்கும் நான் வாய் திறப்பதில்லை. சிறுவயதில் அதையே நம்பி ஒரு காரியம் செய்தவன் நான்.

மரக்காணம் உப்பளத்தில் சித்தி கூலிக்கு உப்பு சுமந்தாள். பாத்தியில் வாரிய ஈர உப்பைக் கூடையில் தூக்கி, கரையில் குவிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கழுத்திலும் முதுகிலும் வழிந்துகொண்டே இருக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோவேன்.

ஒருநாள், உப்புக் குவியலை மூடிய ஓலைக்கு அடியிலிருந்து அவள் புட்டியை எடுத்துக் குடிப்பதைப் பார்த்துவிட்டேன். புதுச்சேரிச் சாராயம்.

"சித்தப்பாகிட்ட சொல்லிடாதடா. இது இல்லன்னா என்னால கூடை தூக்க முடியாது."

சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் குடியை விட்டால் சித்தப்பா பெல்ட்டைக் கையில் எடுக்கமாட்டார் என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் முடிவு. பள்ளியில் மதுவிலக்கைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கியவன் வேறு நான். சித்தியைக் காப்பாற்றுவதாக எண்ணிச் சொல்லிவிட்டேன். சித்தப்பா என் தலையைத் தடவி, வறுத்த கடலை வாங்கித் தந்தார்.

மறுநாள் அவர் உப்பளத்துக்கே வந்து, எல்லோர் முன்னாலும் புட்டியைக் கரையில் அடித்து உடைத்தார். வீட்டுக்குப் போனதும் வழக்கம்போல அடித்தார்.

"உங்கக்கா மவன் பெரிய போலீசுடி" என்றாள் கூடச் சுமக்கும் ஒருத்தி. சித்தி என்னைத் திட்டவில்லை. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு கூடை சுமந்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டுவிட்டதாம். நம்பினேன்.

சில நாள் கழித்து அந்தப் புட்டியின் கண்ணாடிச் சில்லு என் காலைக் கிழித்தது. கழுவலாம் என்று பாத்தியில் காலை வைத்ததும் அலறிவிட்டேன். கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள் சித்தி.

"காயத்தோட உப்புத் தண்ணில எறங்குவாங்களாடா?"

தான் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரையெல்லாம் என் காலில் ஊற்றினாள். குனிந்தவளின் முதுகில், ரவிக்கைக்கு மேலே, பெல்ட் கிழித்த தோலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

அதைப் பார்த்தேன். என் கால் எரிவது மட்டுமே எனக்குத் தெரிந்தது.