இருநூறாவது படிக்குக் கீழே

கரிப்புகைக்கு ஒரு ருசி உண்டு. நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் எதைத் தின்றாலும் போகாது. எனக்கு ஒன்பது வயதான அந்த மார்கழி முழுக்க, திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வீட்டில், அந்த ருசியோடுதான் படுத்தேன், அதே ருசியோடுதான் எழுந்தேன்.

ஜப்பான் சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்களின் முதுகில் பெரிய அடுப்பு ஒன்றை மாட்டி, கரியைப் போட்டு ஓட்டினார்கள். "கரி பஸ்" என்போம். கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே ஓர் ஆள் நின்று அடுப்பின் விசிறியைச் சுற்றுவான், தெருவே இருமும். எங்கள் நைனா அந்த பஸ்களுக்குக் கரி சுட்டுக் கொடுப்பவர். அதனால் புகையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் குறை பேசுவதில்லை. ஆடி மாதத்தில் காற்று வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விடும். வெயில் காலத்திலும் மேலே ஏறிப் போய்விடும். மார்கழியில் மட்டும் சுற்றிலும் மலை, தலைக்கு மேல் பனி என்று ஊர் மூடி போட்ட சட்டியாகிவிடும். எந்த வீட்டுப் புகையும் பனைமர உயரம் ஏறி, அங்கே எதிலோ முட்டிக்கொண்டாற்போலப் படுத்து, மெல்லத் தெருவுக்கே திரும்பி வரும்.

அந்தச் சட்டிக்குள் இன்னொரு சட்டி எங்கள் உள்ளறை. அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்து ஆண் பிள்ளை பெற்றிருந்தாள். ஜன்னலில் கோணி, கதவிடுக்கில் பழந்துணி. உள்ளே "கும்பட்டி" என்கிற மண் கணப்பு ஓயாமல் கனன்றுகொண்டிருக்கும். கரிக்காரர் வீட்டில் கரிக்கா பஞ்சம்? அதன்மேல் வேப்பிலை, ஓமம், பூண்டுத் தோல் என்று அம்மா தூவிக்கொண்டேயிருப்பாள். துணைக்கென்று என்னையும் உள்ளே விட்டிருந்தார்கள்.

"கதவக் கொஞ்சம் தொறடி, மூச்சு முட்டுது" என்று அக்கா முனகுவாள். நான் எழுவதற்குள் வெளியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

"எவடி அவ கதவத் தொறக்கறது? பச்ச ஒடம்புல பனிக்காத்து பட்டா ஜன்னி கண்டுடும். நீயா பதில் சொல்லுவே?"

நாள் ஆக ஆக அக்காவுக்குத் தலைவலி, வாந்தி. பிள்ளையும் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. குளிர்தான் காரணம் என்று அம்மா இன்னொரு கை கரி போட்டாள். தீட்டுக் கழிந்திருந்ததால், மறுநாள் காலையில் என்னை மலைக்கோயிலுக்குத் திருநீறு வாங்கிவர அனுப்பினாள்.

அன்றைக்கு எனக்கும் மண்டை கனத்துக் கால் பின்னிக்கொண்டு வந்தது. நூறு வரைதான் எனக்கு எண்ணத் தெரியும். ஒரு நூறு எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, இரண்டாவது நூறும் முடிந்த படியில் சட்டென்று புகை வாசனை நின்றுபோனது. தலைவலியும் இறங்கியிருந்தது. அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாடி கரிக்காரு பொண்ணு, ஒங்க நைனா ஒன்னியும் சூளையில வெச்சி சுட்டாரா? மூக்கப் பாரு!"

பாவாடை நுனியில் மூக்கைச் சிந்தினேன். கறுப்பு. திரும்பிக் கீழே பார்த்தேன். என்மேல் வெயில் அடித்தது. கீழே ஊரைக் காணோம், பழுப்பு ஜமுக்காளம் விரித்தாற்போல் புகை. அவ்வப்போது வெளியில் போய்வரும் என் மூக்கிலேயே இவ்வளவு என்றால், கோணிக்கும் கும்பட்டிக்கும் நடுவில் இரவும் பகலும் கிடக்கிற பிள்ளையின் மூக்கில் எவ்வளவு இருக்கும்?

கோயில் வரைக்கும் போகவில்லை. இறங்கி ஓடினேன்.

அக்கா கூப்பிட்டதற்கு எழவில்லை. பிள்ளையின் வாய் திறந்திருந்தது, அழுகை இல்லை. கும்பட்டியைக் கந்தலால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் போட்டு உடைத்தேன், கோணியைப் பிடுங்கினேன், பிள்ளையை வாரிக்கொண்டு அந்த இருநூறாவது படிக்கே ஓட்டம் பிடித்தேன். பின்னாலேயே அம்மா, "பாவி, புள்ளயக் கொல்லப் பாக்கறாளே!" என்று கத்திக்கொண்டு வந்தாள். அந்தப் படியில் என்னைப் பிடித்து அவள் அறைந்த அறைக்கு இன்றும் இந்தக் காது மந்தம். அறைந்த கை கீழே இறங்குமுன் பிள்ளை வீறிட்டு அழுதது.

அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். திறந்த ஜன்னலின் கீழே அக்காவும் சற்று நேரத்தில் கண் விழித்தாளாம். அம்மா தன் தப்பை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. சாகும்வரை, "முருகன் திருநீறு காப்பாத்திச்சி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் திருநீறே வாங்கவில்லை என்பதை நானும் சொன்னதில்லை. ஆனால் அந்த அறைக்குள் கும்பட்டி மறுபடி நுழையவில்லை.

கரி பஸ் போயிற்று, கும்பட்டி போயிற்று, அக்காவும் போய்விட்டாள். மலையும் மார்கழியும் அப்படியேதான் இருக்கின்றன. லாரிப் புகையும் குப்பை கொளுத்தும் புகையும் அதே பனைமர உயரத்தில் வந்து படுக்கின்றன. இப்போது இருநூறு போதாது, இன்னும் மேலே ஏற வேண்டியிருக்கிறது என்கிறார்கள். என்னால் ஏறிப் பார்க்க முடியவில்லை. அந்தப் பிள்ளைக்கு எழுபது தாண்டிவிட்டது. போன மார்கழியில் வந்தவன் மப்ளரைக் காதுவரை சுற்றிக்கொண்டு, "சின்னம்மா, ஜன்னல சாத்தேன், பனி அடிக்குது" என்றான்.

"ஆங்" என்றேன். சாத்தவில்லை.