எவன், எதுக்கு எழுதினான்

மூன்று. இந்த எண்ணை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று என்றால் மூன்று என்ன என்று யாரும் கேட்காததால், நரிக்குடிப் பக்கம் ஒரு கண்மாய் கையைவிட்டுப் போகப் பார்த்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். இதில் வருகிற காளிராஜைப் போல ஒருவன் எல்லா ஊரிலும் இருக்கிறான்.

நாகஜோதி அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் டீச்சர். தற்காலிக டீச்சர். எம்.ஏ., பி.எட்., தகுதித் தேர்விலும் தேறியவள். தேறியவர்கள் பட்டியலில் பேர் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பட்டியல் பத்திரமாக இருக்கிறது, வேலைதான் வரவில்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் பள்ளி மேலாண்மைக் குழு கூடி இவள் அடுத்த வருஷமும் வேண்டும் என்று தீர்மானம் போட்டால்தான் ஜூனில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்கலாம். புருஷன் கோட்டைச்சாமி பந்தல்குடி ரோட்டில் லாரி தட்டி இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடக்கிறான். அந்தத் தீர்மானத்தில்தான் வீட்டு அடுப்பு எரிகிறது.

குழுத் தலைவி செல்வலட்சுமி. கையெழுத்து அவளுடையது, முடிவு அவள் புருஷன் காளிராஜுடையது. காளிராஜ் ஊராட்சித் தலைவனாக இருந்தவன். பதவி முடிந்தது, வண்டியில் மாட்டிய போர்டு மட்டும் முடியவில்லை. கண்மாய்ப் பாசனதாரர் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன். அந்தச் சங்கம் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

எட்டாம் வகுப்பில் ஒரு பாடம் உண்டு. ஒரு பத்தியைக் கொடுத்து, இதை எழுதியவரின் நோக்கம் என்ன என்று கேட்பார்கள். பிள்ளைகள் கையில் இருக்கும் கைடு இதற்கு மூன்று விடை வைத்திருக்கிறது: தகவல் தருதல், வலியுறுத்துதல், மகிழ்வித்தல். அறிவிப்பு என்றால் தகவல் தருதல். விளம்பரம் என்றால் வலியுறுத்துதல். கதை என்றால் மகிழ்வித்தல். இதை மனப்பாடம் செய்துவிட்டால் முழு மார்க். ஏமாற்றுதல் என்று ஒரு விடை கைடில் கிடையாது. கைடு எழுதியவன் எந்த ஊரில் பிழைத்தானோ.

நாகஜோதி கைடை மூடச் சொன்னாள். அவளுக்கு இந்த விஷயம் பி.எட்.டில் வந்ததல்ல. கல்யாணத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் அப்துல் கரீம் பாய் பிரஸ்ஸில் நான்கு வருஷம் டைப் அடித்தபோது வந்தது. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கடை திறப்பு எல்லாம் அவள் விரல் வழியாகப் போயிருக்கின்றன. பாய் அடிக்கடி சொல்லுவார்: "மையி எல்லா எழுத்துக்கும் ஒண்ணுதாம்மா. எதப் பெருசாப் போடச் சொல்றான், எதச் சின்னதாப் போடச் சொல்றான்னு பாரு. ஆளு யாருன்னு தெரிஞ்சுபோகும்."

அதனால் பிப்ரவரி மாதம் ஒருநாள் வகுப்பை பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு பிளெக்ஸ் போர்டு. வயலில் பாடுபட்ட இருளாண்டி என்ற சம்சாரி இறந்ததற்குக் கண்ணீர் அஞ்சலி. ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னாள். மூலையில் இருந்த இருளாண்டி முகம் பதினோரு சென்டிமீட்டர். நடுவில் கைகூப்பி நின்ற காளிராஜ் முகம் அறுபத்து நாலு.

"டீச்சர், அப்ப செத்தது யாரு?" என்றான் விஜயபாண்டி.

"ஏலே, வாய மூடு. அவரு சொந்தக்காரவுக கேட்டாப் பொலம்பிருவாக," என்றாள் அனுசியா. சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள்.

"சிரிக்காதீக," என்றாள் நாகஜோதி. அவளுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இத எழுதுனவுக நோக்கம் என்ன? கைடு சொல்றத விடுங்க. அளந்தத வச்சுச் சொல்லுங்க."

அன்றைக்கு வீட்டுப்பாடம்: வீட்டில் கிடக்கும் எழுத்துள்ள தாள் எதுவானாலும் ஒன்று கொண்டுவர வேண்டும். பெரிதாக இருப்பதைக் கடைசியில் படி, சின்னதாக இருப்பதை முதலில் படி. எங்கே நீட்டி எழுதியிருக்கிறான், எங்கே சுருக்கியிருக்கிறான் என்று பார். இவ்வளவுதான் பாடம்.

மறுநாள் மருந்துக்கடை காலண்டர் வந்தது, நகைச்சீட்டு நோட்டீஸ் வந்தது, ஃபைசல் வெளிநாட்டு வேலை ஏஜென்ட்டின் துண்டுத்தாளைக் கொண்டுவந்தான். அனுசியா கொண்டுவந்தது ஒரு ஜெராக்ஸ். கண்மாயைத் தூர்வாரி மண் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கும் மனு. அவள் அப்பா ராஜபாண்டி உட்பட ஐம்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கையெழுத்து வாங்கியவன் காளிராஜ்.

மனுவை அனுசியா எழுந்து நின்று வாசித்தாள். "மாண்புமிகு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான சமூகத்திற்கு, எங்கள் வாழ்வாதாரமாகிய, எங்கள் முன்னோர் வழிவழியாகப் பேணிக் காத்துவந்த..." என்று ஒன்றரைப் பக்கம். ஒன்றரைப் பக்கமும் சம்சாரிகள் மேல் பாசம். தேன் ஒழுகியது. கடைசிப் பத்தியில் வந்து அனுசியா நின்றாள்.

"டீச்சர், மேலான சமூகத்த முழுசா எழுதிருக்காக. வாழ்வாதாரத்த முழுசா எழுதிருக்காக. இங்க மட்டும் சுருக்கிட்டாக."

"என்ன எழுதிருக்கு?"

"மூணு மீ."

ஃபைசல்தான் கேட்டான், "மீன்னா மீட்டரா டீச்சர்?"

ஊரில் ஆழத்தை யாரும் மீட்டரில் சொல்வதில்லை. கிணறும் அடிதான், போரும் அடிதான், கண்மாயும் அடிதான். மடையின் வாய் மூன்றடி வண்டலுக்குக் கீழே மூடிக் கிடக்கிறது என்று ஊருக்கே தெரியும். அந்த மூன்றடியை வாரினால் தண்ணீர் மடை வழியே வயலுக்குப் பாயும். அதற்குக் கீழே தோண்டினால் தண்ணீர் பள்ளத்தில் தங்கும், வயல் காயும். மூன்று மீட்டர் என்றால் பத்தடி. மடைக்குக் கீழே ஏழடிப் பள்ளம். ஏழடி மண்ணும் டிப்பர் ஏறி எங்கோ பிளாட்டு மேடாக்கப் போகும்.

கையெழுத்து வாங்கும்போது காளிராஜ் மனுவை வாசித்துக்காட்டத்தான் செய்தான். ஒரு வார்த்தை விடவில்லை. "மூணு" என்ற இடத்தில் மட்டும் செருமிவிட்டு அடுத்த வரிக்குப் போனான். ஐம்பத்திரண்டு பேருக்கும் அந்தச் செருமல் அடி என்று கேட்டது. ஐம்பத்திரண்டு பேர், ஒருத்தனுக்கும் "மூணு என்ன?" என்று கேட்க வாய் வரவில்லை. பிளெக்ஸில் பெரிய முகம் வைத்திருப்பவனிடம் கேட்க இந்த ஊருக்கு எப்போதுமே வாய் வராது.

பிள்ளைகளுக்கு வந்தது. "எழுதுனவுகளயே கேட்டா என்ன டீச்சர்?" என்றாள் அனுசியா.

நியாயமான கேள்வி. சனிக்கிழமை நாகஜோதி திருச்சுழிக்கு பஸ் ஏறினாள். தாலுகா ஆபீசுக்கு வெளியே ஒரு மேசை போட்டு மனு எழுதும் இருளப்பசாமிதான் இந்த மனுவின் ஆசிரியர். தாளை முன்னால் வைத்தாள்.

"இத எதுக்கு எழுதுனீங்க, அண்ணாச்சி?"

"யம்மா, எனக்கென்ன நோக்கம் இருக்கு? சொல்றவுக சொல்றாக, எழுதுறேன்."

"மேலான சமூகம்னு அவுகளா சொன்னாக?"

"அது நான் போட்டது. அது இல்லாம மனு எடுபடாதுல்ல."

"மீட்டர முழுசாப் போட்டா எடுபடாதா? எடம் இல்லையா?"

இருளப்பசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எடம் கெடக்கு. அப்பிடித்தான் போடச் சொன்னாக." பிறகு அவசரமாக, "இத நான் சொன்னேன்னு சொல்லிராதம்மா. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு," என்றான்.

பிள்ளைகுட்டி இல்லாத அயோக்கியன் எவன்? அதை நாகஜோதி வாய்விட்டுச் சொல்லவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுக்க அவளுக்கு ஏப்ரல் மாதம்தான் மனதில் ஓடியது.

திங்கட்கிழமை சத்துணவுக் கூடத்து ஏணியைப் பள்ளிக்கூடத்தின் தெருப்பக்கச் சுவரில் சாத்தினாள். பள்ளியில் இருந்த மீட்டர் கம்பை எடுத்துக்கொண்டு அவளே ஏறினாள். பிள்ளைகள் கீழே நின்று எண்ணினார்கள். தரையிலிருந்து மூன்றடியில், கம்பில் தொண்ணூறு சென்டிமீட்டர் வந்த இடத்தில், ஒரு சாக்பீஸ் கோடு, அனுசியாவின் இடுப்புக்கு வந்தது. மூன்று மீட்டரில் இன்னொரு கோடு. அது கதவைத் தாண்டி, சன்ஷேடைத் தாண்டி, பள்ளியின் பெயர் எழுதியிருக்கும் இடத்துக்குப் போனது. கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் "நீங்க நெனச்சது" என்றும் மேல்கோட்டுக்குப் பக்கத்தில் "நீங்க கையெழுத்துப் போட்டது" என்றும் விஜயபாண்டி எழுதினான். சொன்னது டீச்சர் இல்லை, அவனாகவே எழுதினான்.

மதியத்துக்குள் காளிராஜ் வந்துவிட்டான். வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"டீச்சரம்மா, இது எந்தப் பாடத்துல வருது?"

"எழுதுனவர் நோக்கம் அறிதல். எட்டாம் வகுப்புப் பாடம் அண்ணாச்சி."

"நல்ல பாடம். ஏப்ரல்ல கமிட்டி கூடுது, ஞாபகம் இருக்குல்ல? கோட்டைச்சாமிக்கு இடுப்பு எப்பிடி இருக்கு?"

"இருக்கு அண்ணாச்சி."

"பாத்துக்கங்க. செவத்தத் தொடச்சு விட்டுருங்க."

அவன் பேசியதன் நோக்கம் என்ன என்று பின்னால் நின்ற முப்பது பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் முப்பதும் சரியான விடை எழுதியிருக்கும். நாகஜோதி துணியை எடுத்தாள். சுவர்ப்பக்கம் போனாள். வாசலில் சாணி மிதித்த தடம் இருந்தது, அதைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ராஜபாண்டி மகளைக் கூப்பிட வந்தவன் சுவரைப் பார்த்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "அடப்பாவி, வயலக் காயப்போடப் பாத்தானே!" என்று தெருவிலேயே கத்தினான். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தனாக வந்து, கோட்டுக்கு நேராக நின்று, கையைத் தூக்கிப் பார்த்து, கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். கையெழுத்துப் போட்ட கையாலேயே தலையில் அடித்துக்கொண்டவர்கள் உண்டு. அடுத்த வாரம் இருபது பேர் காளிராஜ் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். மிச்ச முப்பத்திரண்டு பேர் வீட்டில் வேலை இருக்கிறது என்றார்கள். எப்போதும் இருக்கும் வேலைதான்.

காளிராஜ் சிரித்தபடி வெளியே வந்தான். "அட, எழுத்துப் பிழையப்பா! அந்த இருளப்பசாமிக்குக் கண்ணு தெரியாது. நான் அடின்னுதான் சொன்னேன்."

எழுத்துப் பிழையாம். ஒன்றரைப் பக்கத்தில் ஒரு கொம்பு, ஒரு சுழி பிசகவில்லை. ஏழடி மட்டும் பிசகிவிட்டது. ஆனாலும் இருபது பேர் நகரவில்லை. பழைய மனு திரும்ப வாங்கப்பட்டது. புதுசை ராஜபாண்டி கூடவே உட்கார்ந்து எழுதி வாங்கினான், ஆழத்தை "மூன்று அடி" என்று எழுத்தால் எழுதச் சொல்லி.

ஏப்ரலில் கமிட்டி கூடியது. நாகஜோதிக்கு ஒரு கடிதம் வந்தது: "தங்களின் மேலான சேவைக்கு எங்கள் மனமார்ந்த நன்றி..." அவள் கடைசி வரியை முதலில் படித்தாள். வேலை போய்விட்டது. காளிராஜ் வீட்டுக்குப் போன இருபது பேரில் ஒருத்தன்கூட கமிட்டி வாசலுக்கு வரவில்லை; அதுவும் இங்கே எழுதப்பட வேண்டும். இப்போது அவள் மறுபடியும் பாய் பிரஸ்ஸில் டைப் அடிக்கிறாள். காலையில் ஏழே கால் பஸ்.

மே மாதம் கண்மாய் அனுமதி உத்தரவு ஊராட்சி போர்டில் ஒட்டப்பட்டது. அனுசியா போய் நின்று, சின்ன எழுத்திலிருந்து ஆரம்பித்துப் படித்தாள். வீட்டுக்கு வந்து டீச்சருக்கு போன் போட்டாள். வேறொன்றும் பேசவில்லை, ஆழம் என்ற இடத்தில் எழுதியிருந்ததை மட்டும் வாசித்தாள்.

0.9 மீட்டர்.